செயலி செய்யப் பணம் ஒதுக்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்தும் ஜொகானஸ்பர்க் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் தொடர்ந்து வருவதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடை நடத்துபவர், கோயில் குழுவில் இருப்பவர், படித்துக்கொண்டிருப்பவர் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் செயலியைச் செய்து முடிக்க ஆகும் தொகையைத்தான் கேட்கிறார்களே தவிர, அதைத் தொடர்ந்து நடத்த ஆகும் தொகையை ஒருவரும் கேட்கவில்லை. பதில்களில் அந்தப் பக்கத்தைச் சற்று அழுத்திச் சொல்வதற்கு அதுவே காரணம்.

கேள்வி: ஐயா, வணக்கம். சாட்ஸ்வர்த்தில் மூன்று தலைமுறையாக மசாலாக் கடை நடத்தி வருகிறோம். வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே பொருள் வாங்கும்படி ஒரு செயலி செய்து தர முடியுமா என்று மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டோம். ஒன்று 60,000 ராண்ட் என்கிறது; இன்னொன்று 180,000 ராண்ட்; மூன்றாவது 450,000 ராண்ட். எங்கள் கையில் இருப்பது 200,000 ராண்ட். ஒரே வேலைக்கு ஏன் இத்தனை வேறுபாடு? நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாமா?
– சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை. "வீட்டிலிருந்தே பொருள் வாங்கும்படி" என்ற ஒரே வரியைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய செயலியை மனத்தில் வைத்து விலை போட்டிருப்பார்கள். 60,000 ராண்ட் சொன்னவர், ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஒரு மாதிரியில் உங்கள் கடையின் பெயரையும் படங்களையும் மாற்றித் தர எண்ணியிருக்கலாம். 450,000 ராண்ட் சொன்னவர், கல்லாவில் உள்ள கணினியோடு சரக்கு இருப்பை ஒத்துப்பார்க்கும் இணைப்பு, வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் வரைபடம், அடிக்கடி வாங்குபவர்களுக்குச் சலுகைப் புள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கலாம். மென்பொருள் செலவைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் பாரி போம், தேவை சரியாக வரையறுக்கப்படாத தொடக்க நிலையில் ஒரு தொகையைச் சொன்னால், உண்மைச் செலவு அதன் நான்கு மடங்கு வரை ஏறவோ நான்கில் ஒரு பங்கு வரை இறங்கவோ கூடும் என்று 1981 இலேயே காட்டியிருக்கிறார். ஆகவே நடுவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக நடு விலையை எடுக்க வேண்டாம்.

முதலில் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு வேலைப் பட்டியல் எழுதுங்கள். வாடிக்கையாளர் செயலியைத் திறப்பது முதல் பொருள் கைக்கு வருவது வரை என்னென்ன செய்வார் என்பதை ஒரு பக்கத்திலும், கடையில் இருப்பவர் என்னென்ன செய்வார் என்பதை மறு பக்கத்திலும் வரிசையாக எழுத வேண்டும். பலரும் மறந்துவிடுவது இந்த இரண்டாம் பக்கத்தைத்தான். வந்த ஆர்டரை யார் பார்ப்பது, மிளகாய்த் தூளின் விலை ஏறினால் யார் மாற்றுவது, சரக்கு தீர்ந்துவிட்டால் எப்படிக் குறிப்பது, பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் என்ன செய்வது என்பவற்றுக்கெல்லாம் தனித் திரைகள் வேண்டும். பல செயலிகளில் வாடிக்கையாளர் பார்க்கும் பகுதிக்குச் சமமான உழைப்பை இந்தப் பகுதியும் கேட்கும். இந்தப் பட்டியலை மூவருக்கும் கொடுத்து, மொத்தத் தொகையாக இல்லாமல், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுப்பவரை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

நாள் கணக்கு வந்ததும் அதை எப்படி எடைபோடுவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக உருவான முறை அது. ஒவ்வொரு வேலைக்கும் எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் தவறாகப் போனால் எத்தனை நாள் என்று மூன்று எண்களைக் கேட்டு, நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். பணம் செலுத்தும் பகுதிக்கு 4 நாள், 7 நாள், 16 நாள் என்று சொல்கிறார்கள் என்று வையுங்கள். 4, 28, 16 மூன்றையும் கூட்டினால் 48. ஆறால் வகுத்தால் 8 நாள். நாளுக்கு 3,500 ராண்ட் கூலி என்றால் அந்த ஒரு பகுதிக்கே 28,000 ராண்ட் ஆகும்.

அந்த 16 நாள் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதுதான் இந்தக் கணக்கின் உண்மையான பயன். மின்வெட்டு நேரத்தில் கைபேசிக் கோபுரம் அணைந்து, வாடிக்கையாளர் வங்கியில் பணம் கட்டிய அதே நொடியில் இணைப்பு அறுந்துவிட்டால், பணம் போயிருக்கும்; ஆனால் கடையில் ஆர்டர் பதிவாகியிருக்காது. பேஃபாஸ்ட் போன்ற கட்டணச் சேவைகள், பணம் வந்ததைக் கைபேசியை நம்பாமல் நேரே உங்கள் சேவையகத்துக்கு, அதாவது செயலியின் தகவல்களைச் சேமித்து வைக்கும் இணையக் கணினிக்கு, தனியாகத் தெரிவிக்கின்றன. அந்தத் தகவலைப் பெற்று, சரிபார்த்து, ஒரே பணத்துக்கு இரண்டு ஆர்டர் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் கூடுதல் நாட்கள் ஆகின்றன. விலைப்புள்ளியில் பணம் செலுத்தும் பகுதிக்கு ஒரே நாள் போட்டிருந்தால், இதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை என்று பொருள்.

இனி உங்கள் 200,000 ராண்டுக்கு வருவோம். 180,000 ராண்ட் என்ற விலை வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி சேராதது என்றால், 15 விழுக்காடு வாட் சேர்ந்து 207,000 ஆகிவிடும். கடை வாட் பதிவு பெற்றிருந்தால் அந்த 27,000 ராண்டைக் கணக்கில் திரும்பப் பெறலாம். இல்லையேல் அதுவும் செலவுதான். அடுத்தது பராமரிப்பு. கூகுள் நிறுவனம் ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பச் செயலிகளைப் புதுப்பிக்கச் சொல்லிக் கெடு வைக்கிறது. அண்மை ஆண்டுகளில் அந்தக் கெடு ஆகஸ்ட் இறுதியில் வருகிறது. புதுப்பிக்காமல் விடப்பட்ட செயலி, போகப் போகப் புதிய கைபேசி வாங்குபவர்களின் கண்ணுக்கே படாமல் போய்விடும். ஆப்பிளும் இதுபோல் மாற்றங்களைக் கேட்கும். இவற்றுக்கும், அவ்வப்போது தெரியவரும் கோளாறுகளைச் சரிசெய்வதற்கும், செய்த விலையில் ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு வரை ஒதுக்குவது இத்துறையில் உள்ள வழக்கம். 20 விழுக்காடு என்று கொண்டால் ஆண்டுக்கு 36,000. மூன்று ஆண்டுக்கு 108,000. வாட் சேர்த்து 124,200. எதிர்பாராத செலவுக்கு இன்னொரு 36,000. ஆக, 180,000 ராண்ட் என்று பேசிய வேலை மூன்று ஆண்டுகளில் 367,200 ராண்டைத் தொடும்.

ஆகவே, கையில் 200,000 ராண்ட் இருப்பவர் 180,000 ராண்ட் செயலியைச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. விரலுக்குத் தகுந்த வீக்கமாக, 90,000 ராண்டுக்குள் முடிகிற செயலியைச் செய்யுங்கள். வாட் சேர்த்து 103,500, மூன்று ஆண்டுப் பராமரிப்பு 62,100, எதிர்பாராத செலவு 18,000 என்று 183,600 ராண்ட் போக, மீதமுள்ள 16,400 ராண்ட் சேவையகத்துக்கும் குறுஞ்செய்திக்கும் செயலிக் கடைகளின் கட்டணத்துக்கும் இருக்கும். நாளுக்கு 3,500 ராண்ட் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 26 நாள் உழைப்பு. அதற்குள் பொருள் பட்டியல், கூடை, பணம் செலுத்துதல், கடைக்காரரின் திரை ஆகிய நான்கும் அடங்கும். சரக்கு இருப்பு இணைப்பு, வண்டியின் வரைபடம், சலுகைப் புள்ளி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வண்டி கிளம்பியதும் கடைப் பையன் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் முதல் ஆண்டுக்குப் போதும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் ஒரே நிரலிலிருந்து செயலி எடுக்க உதவும் ஃபிளட்டர் அல்லது ரியாக்ட் நேட்டிவ் எனும் மென்பொருள் கருவி கொண்டு செய்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு செலவில்லாமல் நீங்களே செய்யக்கூடிய ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் எடுத்த மசாலாப் பொட்டலத்தின் படம் ஒன்று எளிதாக 4 எம்பி இருக்கும். 120 பொருள் என்றால் 480 எம்பி. போட்டி ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு, 2020 ஏப்ரலில் வோடாகாம் கைபேசி நிறுவனம் ஒரு ஜிபி டேட்டாவின் விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தது உண்மைதான். ஆனாலும் அந்தக் குறைந்த விலையில்கூட, உங்கள் பட்டியலை ஒரு முறை முழுதாகப் பார்க்கும் வாடிக்கையாளர் கிட்டத்தட்ட 50 ராண்டை டேட்டாவுக்கே கொடுக்க வேண்டியிருக்கும். அதே படங்களை 80 கேபிக்குச் சுருக்கினால் மொத்தமும் 10 எம்பிக்குள் அடங்கிவிடும். சேவையகச் செலவும் குறையும்.

கேள்வி: எங்கள் கோயில் குழு, காவடித் திருவிழாவுக்குப் பெயர் பதிவு செய்யவும், அர்ச்சனைக்கு முன்பதிவு செய்யவும், நன்கொடை பெறவும் ஒரு செயலி செய்ய 80,000 ராண்ட் ஒதுக்கத் தீர்மானித்திருக்கிறது. இது போதுமா?
– வெருலம் வாசகர், கோயில் குழுச் செயலாளர்

பதில்: தொகை போதுமா என்பதற்கு முன், செயலி வேண்டுமா என்று குழு ஒரு முறை யோசிக்க வேண்டுகிறேன். தைப்பூசக் காவடி, பங்குனி உத்திரம், ஆடி மாதக் கூழ் என்று ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் பயன்படுவதற்காக, பக்தர்கள் ஒரு செயலியைத் தம் கைபேசியில் ஆண்டு முழுதும் வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் அதை இறக்கச் சொல்லி முதலிலிருந்து எல்லோரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆப்பிளின் விதிகளிலும் உங்களுக்கு இரண்டு தடைகள் உண்டு. இணையதளத்தை அப்படியே எடுத்துச் செயலியாகச் சுற்றித் தந்தால், போதிய பயன் இல்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பலாம். தொண்டு நிறுவனம் என்று அவர்களிடம் தனியே ஒப்புதல் பெறாத அமைப்பு, செயலிக்குள்ளேயே நன்கொடை வசூலிக்கவும் முடியாது; பக்தரை வெளியே இணைய உலாவிக்கு அனுப்பித்தான் பணம் பெற வேண்டும். எப்படியும் உலாவிக்குப் போகத்தான் வேண்டும் என்றால், கைபேசியில் நன்றாகத் தெரியும்படி ஓர் இணையதளத்தைச் செய்து, அதிலேயே பதிவுப் படிவத்தையும் கட்டணச் சேவையையும் இணைத்துவிடலாம். நீங்கள் ஒதுக்கிய தொகையில் பாதிக்கும் குறைவாகவே அது முடியும் என்று நம்புகிறேன். தளத்தின் முகவரியைக் கியூஆர் குறியாக அச்சிட்டுக் கோயில் வாசலிலும் அழைப்பிதழிலும் போட்டால், முதியவர்களும் பேரப்பிள்ளைகளின் உதவியோடு பதிவு செய்துவிடுவார்கள்.

எந்த வழியில் செய்தாலும் ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த போப்பியா எனும் தனியுரிமைச் சட்டத்தில், ஒருவரின் சமய நம்பிக்கை பற்றிய தகவல் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. கோயில் தன் உறுப்பினர்களின் தகவலை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவர்களின் ஒப்புதல் இல்லாமல் அதைப் பிறருக்குத் தர முடியாது. சட்டத்தை மீறினால் விதிக்கப்படும் தண்டம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். ஆகவே காவடி எடுப்பவரின் பெயர், தொலைபேசி எண், அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றுக்கு மேல் எதையும் கேட்காமல், திருவிழா முடிந்ததும் தேவையற்றதை அழித்துவிட ஏற்பாடு செய்யுங்கள். குழந்தைகளும் காவடி எடுப்பதால், அவர்கள் பெயரைப் பெற்றோரே பதியும்படி படிவம் அமைய வேண்டும். தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பான தகவல் அதிகாரியாக ஒருவரைத் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்தில் பதிந்தும் வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். பக்தர்கள் தந்த காசு என்பதால் உங்கள் குழுவுக்கு அது இருமடங்கு பொருந்தும்.

கேள்வி: ஆப்பிள், கூகுள் கடைகளில் செயலியை வைக்க மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?
– டோங்காட் வாசகி

பதில்: ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். டாலருக்கு 18 ராண்ட் என்று கொண்டால், முறையே 1,782 ராண்டும் 450 ராண்டும் ஆகும். ராண்ட் இறங்கினால் இவையும் ஏறும் என்பதால் சற்றுக் கூட்டியே வையுங்கள். செயலியில் பாடம், படம் போன்ற டிஜிட்டல் பொருள்களை விற்றால், ஆண்டு வருமானம் பத்து இலட்சம் டாலருக்குள் இருக்கும் சிறு வணிகரிடம் இரு நிறுவனங்களும் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்கின்றன. ஆப்பிளிடம் அதற்கு விண்ணப்பித்தாக வேண்டும். புடவை, பலகாரம் போன்ற கையில் தரும் பொருளுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது.

பணத்தை விட நாள் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கிய கூகுள் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதித்த பிறகே பொதுமக்களுக்கு வெளியிட விண்ணப்பிக்க முடியும். தீபாவளிக்கு வெளியிட நினைப்பவர்கள் இந்த இரண்டு வாரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: லெனேசியாவில் திருமண விருந்துச் சமையல் தொழில் செய்கிறேன். ஆர்டர் எடுக்கும் செயலியை 25,000 ராண்டுக்குச் செய்து தருவதாகக் கணினி படிக்கும் என் அண்ணன் மகன் சொல்கிறான். சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் 70,000 ராண்ட் கேட்கிறது. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. உறவென்பதால் அவனிடம் எழுதி வாங்கவும் தயக்கமாக இருக்கிறது.
– லெனேசியா வாசகி

பதில்: அம்மா, எழுதி வாங்குவதற்குத் தயங்கவே வேண்டாம், உறவு கெடாமல் இருப்பதற்கும் அதுதான் வழி. இந்நாட்டின் 1978 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்து, தருபவர் கையொப்பமும் இட்டிருந்தால்தான் செல்லும். நீங்கள் காசு கொடுத்துவிட்டீர்கள் என்பதாலேயே மூலநிரல், அதாவது செயலிக்காக எழுதிய நிரல், உங்களுடையது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. செய்பவர் அண்ணன் மகனானாலும் சென்னை நிறுவனமானாலும், உரிமை முழுவதும் உங்களைச் சேரும் என்று ஒரு பக்க ஒப்பந்தம் இருக்கட்டும். ஆப்பிள், கூகுள், சேவையகம் ஆகிய மூன்று கணக்குகளையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்கி, செய்பவருக்கு நுழைய அனுமதி மட்டும் கொடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. இதைச் செய்யாமல் விட்டவர்கள், பின்னாளில் ஆள் மாறும்போது தம் செயலியைத் தாமே திறக்க முடியாமல் திண்டாடியிருக்கிறார்கள்.

அண்ணன் மகனிடம் கொடுப்பதானால், அவனுக்குத் தேர்வு வரும், பிறகு வேலை கிடைத்துக் கேப் டவுனுக்கே போய்விடவும் கூடும் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். அவன் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்க வேண்டுமானால், பழைய நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதற்கே அவர் கூலி கேட்பார். ஆகவே 25,000 ராண்டோடு இன்னொரு 15,000 ராண்டையாவது தனியே வைத்து, வாரந்தோறும் நிரலை உங்கள் கணக்கில் ஏற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உறவுக்காரப் பையன் என்று கூலியைக் குறைத்துக் கேட்காதீர்கள். முழுக் கூலி பெறுபவனிடம்தான் முழு வேலையும் கேட்க முடியும்.

சென்னை நிறுவனம் என்றால் மொழி ஒன்றாக இருப்பதும், மூன்றரை மணி நேரமே நேர வேறுபாடு இருப்பதும் உங்களுக்கு வசதி. அங்கே காலை முடிந்த வேலையை நீங்கள் அன்றே பார்த்துத் திருத்தம் சொல்லிவிடலாம். விலை டாலரிலா, ரூபாயிலா, ராண்டிலா என்று முதலில் முடிவு செய்துகொண்டு, வெளிநாட்டுப் பணத்தில் என்றால் பத்து விழுக்காடு கூட்டி வையுங்கள். வங்கி வழியே அனுப்பும்போது கட்டணமும் உண்டு, விலைப்பட்டியலும் கேட்பார்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கையொப்பமிட்டதும் 14,000 ராண்ட், திரைகளின் வடிவம் முடிந்து நீங்கள் ஒப்பியதும் 21,000, உங்கள் கைபேசியில் ஓர் ஆர்டர் முழுதாக ஓடியதும் 21,000, செயலிக் கடைகளில் வெளியாகி ஒரு மாதம் கோளாறின்றி நடந்த பிறகு 14,000 என்று பிரித்துக் கொடுப்பது இருவருக்கும் நியாயமாக இருக்கும். சோதனைக்கு உங்கள் உண்மையான வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் கொடுக்காதீர்கள். கற்பனைப் பெயர்களே போதும்.

இருவரில் யார் என்று நீங்கள் நேராகக் கேட்டிருப்பதால் சொல்கிறேன்: உங்கள் வருமானம் முழுதும் இந்தச் செயலியை நம்பி இராது என்பதால், அண்ணன் மகனிடமே தொடங்கலாம்.

கேள்வி: பாதி வேலை முடிந்த நிலையில், செயலி செய்யும் நிறுவனம் ஒப்பந்தத் தொகைக்கு மேல் 40 விழுக்காடு கேட்கிறது. கொடுக்காவிட்டால் வேலையை நிறுத்திவிடுவோம் என்கிறார்கள்.
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: ஒப்பந்தத்தோடு இணைத்த வேலைப் பட்டியலை எடுத்து, இதுவரை நீங்கள் கேட்ட மாற்றங்களை அதன் பக்கத்தில் எழுதுங்கள். "இந்த நிறத்தை மாற்றுங்கள்", "இங்கே ஒரு தேடல் வேண்டும்" என்று தொலைபேசியில் சொன்னவை நிறையச் சேர்ந்திருந்தால், அவர்கள் கேட்பதில் ஒரு பங்கு நியாயம் இருக்கும். அவற்றுக்கு மட்டும் நாள் கணக்குப் போட்டுக் கொடுங்கள். பட்டியலில் முதலிலிருந்தே இருந்த வேலைக்குக் கூடுதலாகக் கேட்டால், அது அவர்கள் கணக்கின் பிழை. அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

மிரட்டலுக்குப் பணிவதற்கு முன், இதுவரை எழுதிய நிரல் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறொரு நிரலாளரிடம் இரண்டு நாள் கூலி கொடுத்து, மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று மதிப்பிடச் சொல்லலாம். அந்த எண் தெரிந்த பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும். நிரல் கையில் இல்லை, பட்டியலும் எழுத்தில் இல்லை என்றால், கூடுதல் தொகை கொடுப்பதற்குப் பதிலாக, மீதமுள்ள வசதிகளில் எவற்றை விட்டுவிட்டால் பழைய தொகைக்குள் முடியும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு இணங்குவார்கள். இனிமேல் சொல்லும் ஒவ்வொரு மாற்றமும் தொகையோடும் நாளோடும் மின்னஞ்சலில் வந்து, நீங்கள் சரி என்று பதில் எழுதிய பிறகே தொடங்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 24 வயது. இங்குள்ள பிள்ளைகள் தமிழ் எழுத்தும் சொல்லும் படிக்க ஒரு செயலி செய்ய விரும்புகிறேன். நிரல் எழுத எனக்கே தெரியும். சேமிப்பு 40,000 ராண்ட் இருக்கிறது. எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: உங்கள் கடிதம் எனக்குப் பெரு மகிழ்ச்சி தந்தது. 1860 நவம்பரில் நம் முன்னோரை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்த நாள் முதல் நம்மவர்கள் பாட்டாகவும் வழிபாடாகவும் காத்து வந்த மொழி, வீட்டுப் பேச்சில் குறைந்துவிட்ட இந்தக் காலத்தில், பிள்ளைகள் கையில் எப்போதும் இருக்கும் கருவியில் அதைக் கொண்டுபோய் வைப்பது மிக அவசியமான வேலை.

நிரல் உங்களுடையது என்பதால், பணத்தின் பெரும்பகுதி பாடத்துக்கும் குரலுக்கும் போக வேண்டும். 20,000 ராண்டைப் பாடத்துக்கும் ஒலிப்பதிவுக்கும், 8,000 ராண்டை ஓவியத்துக்கும், 4,000 ராண்டைச் செயலிக் கடைக் கட்டணத்துக்கும் சில பழைய கைபேசிகள் வாங்கிச் சோதிப்பதற்கும் வைத்து, மீதி 8,000 ராண்டைத் தொடாமல் இருங்கள்.

ஒலிப்பதிவுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்து. அதோடு 350 சொல் சேர்த்தால் ஏறத்தாழ 600 ஒலித்துண்டுகள். பிள்ளை ல, ள, ழ வேறுபாட்டைக் கேட்டே கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதால், உச்சரிப்புத் தெளிந்த ஒருவர், ஒரே அறையில், ஒரே ஒலிவாங்கியில் எல்லாவற்றையும் பேச வேண்டும். பாதியைப் பதிந்துவிட்டு ஆறு மாதம் கழித்து மீதியைப் பதிந்தால், குரலும் அறையின் ஓசையும் மாறி ஒட்டாமல் நிற்கும். பிறகு முதலிலிருந்து பதிய நேரும். ஆகவே பாடத்தின் சொற்பட்டியலைத் தமிழாசிரியர் ஒருவர் முழுதாகத் திருத்தி முடிக்கும் வரை ஒலிவாங்கியைத் திறக்காதீர்கள். ஆசிரியர் உழைப்புக்கும் ஊதியம் கொடுங்கள். தமிழ்ப் பணி என்று சொல்லி இலவசமாக வாங்கும் பழக்கம் நம்மிடம் மிகுதியாக இருக்கிறது, அதை நான் ஒப்புவதில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்திலும் காட்டப் போகிறீர்கள் என்றால், எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதையும் அவரோடு உட்கார்ந்து அப்போதே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் 600 இடத்திலும் மாற்ற வேண்டியிருக்கும்.

மாதச் செலவே இல்லாமல் இந்தச் செயலியை நடத்த முடியும் என்பது உங்களுக்கு நல்ல செய்தி. இரண்டு நொடி நீளமுள்ள ஒலித்துண்டு, பேச்சுக்குப் போதுமான தரத்தில் 8 கேபிதான் வரும். 600 துண்டும் சேர்ந்து 5 எம்பிக்குள் அடங்கும். அவற்றைச் செயலியோடு சேர்த்தே தந்துவிட்டால், சேவையகம் வேண்டாம், பிள்ளைக்கு டேட்டாவும் வேண்டாம். உள்நுழைவும் வைக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைச் சேர்க்கப் போப்பியா சட்டம் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது; ஆப்பிளும் கூகுளும் பிள்ளைகளுக்கான செயலிக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன. பெயரே கேட்காத செயலிக்கு இந்த வேலைகளில் பெரும்பாலானவை இல்லை. எந்தப் பாடம் வரை முடித்தது என்பதை அந்தக் கைபேசியிலேயே குறித்து வைத்தால் போதும்.

எழுத்துருவுக்கும் பணம் வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வடிவமைத்த பொத்தான்களில் தமிழ்ச் சொற்கள் இடம் போதாமல் வெட்டுப்படும் என்பதால், ஓவியரிடம் தரும்போதே தமிழ்ச் சொற்களை இட்டுக் கொடுங்கள். பிறகு திரைகளை மறுபடி வரைவதற்கான கூலி மிஞ்சும்.

முதல் பதிப்பில் உயிரெழுத்து பன்னிரண்டையும் அறுபது சொற்களையும் மட்டும் வைத்து, உங்கள் சொந்தக் குரலிலேயே தற்காலிகமாகப் பதிந்து, பக்கத்தில் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பில் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். அதற்கு 2,000 ராண்டுக்கு மேல் ஆகாது. பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், எந்தப் பாடத்தை மறுபடி கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அதன்படி சொற்பட்டியலைத் திருத்திய பிறகு, ஒலிப்பதிவுக்கான 20,000 ராண்டில் கை வையுங்கள்.